கழுத்துப்பிடி போடலாமா என்று கேட்டவருக்கு

சகோ, இரவு ஷிஃப்ட் முடிந்து வரும்போது ஒருவன் செல்போனைப் பறிக்க வந்தால், ஆறு மாதமாக ஜியு-ஜிட்சு என்ற தற்காப்புக் கலை வகுப்பில் பழகிய கழுத்துப்பிடியைப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம்.

வகுப்பில் எதிராளி ‘போதும், விடு’ என்று கையால் தட்டியதும் விட்டுவிடுவோம். தெருவில் யாரும் தட்டமாட்டார்கள். பிடி சரியாக விழுந்தால் கழுத்தின் இருபக்க ரத்தக்குழாய்களும் அழுந்திச் சில விநாடிகளிலேயே மயக்கம் வரும். அவன் திமிறி, உங்கள் முன்கை கொஞ்சம் நழுவினாலோ மூச்சுக்குழல் நசுங்கும். கை துவண்டு தொங்குகிறவன் நடிக்கிறானா, சாகிறானா என்பது பின்னால் நிற்கும் உங்களுக்குத் தெரியாது. நியூயார்க்கில் 2014-இல் போலீஸ்காரர் ஒருவர் கழுத்துப்பிடி போட்டு மடக்கிய எரிக் கார்னர் “மூச்சு விட முடியவில்லை” என்று 11 முறை சொல்லியே இறந்தார். அங்கே போலீசுக்கே அந்தப் பிடி தடை செய்யப்பட்டிருந்தது.

சட்டமும் கறாரானது. நம் நாட்டுக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 37-ஆம் பிரிவின்படி தற்காப்புக்குத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்யக்கூடாது. அவன் மயங்கியபிறகும் இறுக்கினால், அதைத் தற்காப்பு என்று வாதாடுவது கடினம். உயிர் போனால் 105-ஆம் பிரிவில், அதாவது கொலையாகாத மரணம் விளைவித்த குற்றத்துக்கு, வழக்கு வரலாம்.

போனைக் கொடுத்துவிட்டு ஓடுங்கள். உயிருக்கே ஆபத்தாகி, வேறு வழியில்லாமல் பிடித்துவிட்டால், அவன் துவண்ட கணமே விடுங்கள். மூச்சு வருகிறதா பார்த்து, ஒருக்களித்துப் படுக்க வைத்து, 108-ஐ அழையுங்கள், அப்புறம் 112.