மறுபடி டிஜே செய்யப் போகிறேன், பாட்டுகளை எந்த மென்பொருளில் வைப்பது?

கேள்வி: மும்பை சயான் கோலிவாடாவில் வசிக்கிறேன். 2013 வரை தாராவி, மாட்டுங்கா பக்கம் கல்யாணம், பிறந்தநாள் விழாக்களில் விர்ச்சுவல்டிஜே வைத்து டிஜே செய்தேன். பிறகு வேலை, குடும்பம் என்று விட்டுப்போனது. இப்போது வாரக் கடைசியில் மறுபடி செய்ய ஆசை. பழைய லேப்டாப் செத்துவிட்டது. ஹார்ட் டிஸ்க்கில் 18,000 பாட்டு இருக்கிறது. மூன்று மாதத்தில் அத்தை மகனின் ரிசப்ஷன், செம்பூரில் ஒரு ஹாலில். ரெக்கார்ட்பாக்ஸ், செராட்டோ, விர்ச்சுவல்டிஜே, இதில் எதை எடுப்பது? லேமிங்டன் ரோட்டில் ஒருவர் ‘எல்லா சாஃப்ட்வேரும் ஃபுல் வெர்ஷன், ஒரு லட்சம் பாட்டோடு செட் பண்ணித் தருகிறேன், 6,000 ரூபாய்’ என்கிறார். கொடுக்கலாமா? மேக்புக் வாங்க வேண்டுமா?

பதில்: அந்த 6,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். மற்றதைப் பிறகு பேசலாம், முதலில் இதை முடித்துவிடுகிறேன். ஏனென்றால் திரும்பி வருகிற டிஜேக்களில் பாதிப் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

அவர் தரப்போகும் ‘ஃபுல் வெர்ஷன்’ கிராக் செய்தது, அதாவது லைசென்ஸ் பூட்டை உடைத்த திருட்டு நகல். ஆன்டிவைரஸை அணைத்துவிட்டுத்தான் ஏற்றுவார், இனி அப்டேட் செய்யாதீர்கள் என்றும் சொல்லி அனுப்புவார். பேங்க் கணக்கைத் திறக்கிற அதே லேப்டாப்பில் இதைச் செய்ய விடுவீர்களா? ஒரு லட்சம் பாட்டு என்கிற டிஸ்க்கும் வேண்டாம். சில வருடங்களுக்கு முன் நானே அப்படி ஒன்றை வாங்கினேன். எல்லாக் கோப்புமே 320 கேபிபிஎஸ் (ஒலித் தரத்தின் அளவு, எண் கூடினால் தரம் கூடும்) என்றுதான் காட்டியது. பாட்டில் எவ்வளவு கீச்சான ஒலி வரை இருக்கிறது என்று படமாகக் காட்டும் ஸ்பெக் என்ற இலவச மென்பொருளில் ஒவ்வொன்றாகத் திறந்தேன். நல்ல 320 பாட்டில் வண்ணப் பட்டை கிட்டத்தட்ட 20 கிலோஹெர்ட்ஸ் வரை ஏறும். இவற்றில் 16 கிலோஹெர்ட்ஸிலேயே கத்தியால் வெட்டின மாதிரி நின்றது. 128-இல் இருந்த பாட்டை 320 ஆக மாற்றிப் பேர் மட்டும் பெரிதாக வைத்திருந்தார்கள். வீட்டு ஸ்பீக்கரில் இது தெரியாது. ஹாலில் பெரிய ஸ்பீக்கர் அடுக்கில் போட்டால் ஜால்ராவும் சலங்கையும் தகரம் மாதிரி கேட்கும். உங்கள் 18,000 பாட்டிலும் இப்படிப்பட்டவை நிறைய இருக்கும். ஒரு மாலை உட்கார்ந்து ஐம்பதைச் சோதித்துப் பாருங்கள்.

இனி மென்பொருள். எது நல்லது என்று யோசிக்கும் முன், நீங்கள் கை வைக்கப் போகும் மெஷின் எது என்று கண்டுபிடியுங்கள். அந்த மெஷினைப் பார்த்துத்தான் மென்பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஹால்காரரைக் கேட்டால் சவுண்ட்காரரைக் காட்டுவார். சவுண்ட்காரர் ‘பயோனியர் இருக்கு சார்’ என்று வைத்துவிடுவார். பயோனியர் என்றால் எது? சிடிஜே-2000, சிடிஜே-3000, ஓபஸ்-குவாட் என்று பென் டிரைவிலிருந்தே வாசிக்கும் மெஷின்கள் எத்தனையோ இருக்கின்றன. இத்தனை பணம் வாங்குகிற ஹால்கள் மெஷினின் மாடல் எண்ணை ஒரு தாளில் எழுதித் தர முடியாதா என்று இருபது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எழுதித் தரமாட்டார்கள். சவுண்ட்காரரிடம் வாட்ஸ்அப்பில் போட்டோ கேளுங்கள், மேற்புறமும் பின்புறமும் தெரிகிற மாதிரி.

போட்டோவில் பயோனியர் டிஜே அல்லது ஆல்ஃபாதீட்டா (இரண்டும் ஒரே கம்பெனி, 2020-இல் பெயர் மாற்றிக்கொண்டது) மெஷின் இருந்தால் ரெக்கார்ட்பாக்ஸ் எடுங்கள். பாட்டுகளை அடுக்கி, க்யூ பாயின்ட் (பாட்டை எங்கிருந்து தொடங்குவது என்கிற குறி) வைத்து, பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு போவதற்கு இலவசத் திட்டமே போதும். லேப்டாப்பை மேடையில் வைத்து அதிலிருந்தே வாசிக்க நினைத்தால் மட்டும் மாதச் சந்தா கேட்கும். அல்லது டிடிஜே-எஃப்எல்எக்ஸ்4 மாதிரி ஒரு கன்ட்ரோலர் (லேப்டாப்பில் இருக்கும் மென்பொருளைக் கையால் இயக்கும் பலகை) செருகினால் தானாகத் திறந்துகொள்ளும். உங்களுக்கு இப்போது அது தேவையில்லை.

செராட்டோ நல்ல மென்பொருள்தான், ஆனால் அதில் லேப்டாப் கூடவே வர வேண்டும். விர்ச்சுவல்டிஜே கை பழகியது, எனக்கும் புரிகிறது. வீட்டில் பழக இலவசம், காசு வாங்கி வாசித்தால் லைசென்ஸ் எடுக்க வேண்டும். சொந்தக் கன்ட்ரோலர் வாங்கிய பிறகு அதைப் பற்றி யோசியுங்கள்.

பழைய க்யூ பாயின்ட்களை மறந்துவிடுங்கள். விர்ச்சுவல்டிஜே அவற்றைத் தன் தனிக் கோப்பில் வைக்கும், பாட்டுக்குள் எழுதாது. செராட்டோ பாட்டுக் கோப்புக்குள்ளேயே எழுதிவிடும், அதனால் டிஸ்க்கோடு கூட வரும். ரெக்கார்ட்பாக்ஸ் 2020-இல் 6-ஆம் பதிப்பிலிருந்து தன் தரவுத்தளத்தையே பூட்டி வைத்துவிட்டது. நாம் உட்கார்ந்து குறித்த க்யூவை நாமே எடுத்துப் போக இவ்வளவு தடை எதற்கு? இந்தக் கம்பெனிகள் மேல் எனக்கு இருக்கிற பெரிய கோபம் இதுதான். ‘லைப்ரரி மாற்றித் தருகிறேன்’ என்று பாட்டுக்கு இத்தனை ரூபாய் என வாங்கும் ஆட்கள் பிழைப்பதும் இந்தப் பூட்டினால்தான். 18,000-இல் நீங்கள் உண்மையில் போடப்போவது முந்நூறோ நானூறோ. அவற்றுக்கு மட்டும் புதிதாக க்யூ வையுங்கள். இரண்டு வாரம் இரவில் ஒரு மணி நேரம் போதும், அதோடு பாட்டும் கையில் திரும்பி வரும்.

ஏற்றும் முன் பெயர்களைச் சுத்தம் செய்யுங்கள். இளையராஜா பெயரை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதியிருப்பார்கள், ஒரு விதத்தில் தேடினால் மற்ற மூன்றும் சிக்காது. கலைஞர் பெயர் இருக்கிற இடத்தில் பாதிக் கோப்புகளில் திருட்டு இணையதளத்தின் பெயர்தான் இருக்கும். மேடையில் ஒருவர் ஓடி வந்து பாட்டுக் கேட்கும்போது உங்களுக்கு இருப்பது முப்பது விநாடி.

நம் பாட்டுகளுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு உண்டு. இதை எந்த வெளிநாட்டு வீடியோவும் சொல்லாது, அதனால் பொறுமையாகப் படியுங்கள். இந்த மென்பொருள்கள் எல்லாமே பாட்டை நாலு நாலு பீட்டாக எண்ணப் பழகியவை. நம் குத்துப் பாட்டுகளில் நிறைய ஆறு-எட்டுத் தாளத்தில் போகும். பறையும் உறுமியும் வந்தால் கேட்கவே வேண்டாம். 110 பிபிஎம் (நிமிடத்துக்கு 110 தட்டு) இருக்க வேண்டிய பாட்டை 165 என்று காட்டிவிடும். நீங்கள் காலைத் தட்டிப் பாருங்கள், கால் தட்டுகிற எண்ணைத்தான் பதிய வேண்டும். அதைத் திருத்தின பிறகும் அரை பீட் லூப் (ஒரு துண்டை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டுவது) போடாதீர்கள். ஒரு தட்டுக்குள் மூன்று அடி இருக்கிறது, அதைப் பாதியாக வெட்டினால் தாளம் நொண்டும். ஒரு பீட், இரண்டு பீட் லூப் பரவாயில்லை. எழுபது, எண்பதுகளின் பாட்டுகளில் வேறு சிக்கல். முழு வாத்தியக் குழு உட்கார்ந்து நேரடியாக வாசித்தது, வேகம் சரணத்தில் கொஞ்சம் ஏறும், பல்லவிக்கு வரும்போது இறங்கும். ரெக்கார்ட்பாக்ஸில் அலசும் முறையை ‘டைனமிக்’ என்று மாற்றினால் ஓரளவு பிடிக்கும். அப்படியும் இரண்டு பாட்டின் வேகத்தைத் தானாகச் சேர்க்கும் சிங்க் பட்டனை நம்ப வேண்டாம். அணைத்துவிட்டு, தொடக்கத்தில் ஒரு க்யூ வைத்து, பாட்டு முடிகிற இடத்தில் நேராக வெட்டி மாறுங்கள். நீளமாகக் கலக்கப் பார்த்தால் இரண்டு தபலா மோதும், ஆடுகிறவர்கள் நின்றுவிடுவார்கள்.

பென் டிரைவ் விஷயத்தில் சோம்பல் கூடாது. மாட்டுங்காவில் ஒரு ரிசப்ஷனில் என் மாணவர் ஒருவர் 128 ஜிபி பென் டிரைவை என்டிஎஃப்எஸ் ஃபார்மட்டில் கொண்டுவந்தார். பெண்ணும் மாப்பிள்ளையும் கதவருகே நிற்கிறார்கள், மெஷின் திரையில் ஒரு பாட்டும் இல்லை. சிடிஜே அந்த ஃபார்மட்டைப் படிக்காது. ஃபேட்32 என்று ஃபார்மட் செய்யுங்கள். விண்டோஸின் வழக்கமான ஜன்னலில் 32 ஜிபிக்கு மேல் அந்த வாய்ப்பு வராமல் போகும், ஆகவே 32 ஜிபியில் இரண்டு வாங்கி இரண்டிலும் ஒரே பாட்டுகளை ஏற்றுங்கள். 320-இல் ஐந்து நிமிடப் பாட்டு சுமார் 12 எம்பி, ஒன்றில் இரண்டாயிரம் பாட்டு தாராளமாக அடங்கும். ஸ்ட்ரீமிங் பாட்டுகளை நம்பிப் போகாதீர்கள், அவற்றைப் பென் டிரைவில் ஏற்ற முடியாது. போட்டோவில் ஓபஸ்-குவாட் தெரிந்தால், அது கேட்பது வேறு வகை லைப்ரரி (பாட்டுப் பட்டியலைப் பென் டிரைவில் எழுதும் முறை). ஒரே கம்பெனியின் பழைய மெஷினுக்கு ஒன்று, புதியதற்கு இன்னொன்று! ரெக்கார்ட்பாக்ஸைப் புதுப்பித்துவிட்டு, புதிய வகையிலும் ஏற்றிக்கொள்ளுங்கள்.

18,000 பாட்டும் ஒரே பழைய டிஸ்க்கில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இன்றைக்கே இன்னொரு டிஸ்க்கில் நகல் எடுங்கள், அதற்குப் பிறகு ரெக்கார்ட்பாக்ஸைத் திறங்கள்.

மேக்புக் வேண்டாம். விண்டோஸ் 11 ஓடுகிற சாதாரண லேப்டாப் இந்த வேலைக்குப் போதும். அந்தப் பணத்தில் நல்ல ஹெட்ஃபோன் ஒன்று வாங்குங்கள். ரிசப்ஷனுக்கு ஒரு வாரம் முன் மதிய நேரத்தில் சவுண்ட்காரரின் கோடவுனுக்கே போய், இரண்டு பென் டிரைவையும் அவருடைய மெஷினில் செருகி, முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை திரையில் ஓட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள்.