கரைந்தது எங்கே போனது?

கேள்வி: எட்டாம் தரம் படிக்கும் என் மகள் விஞ்ஞானத்தில் 85 புள்ளி எடுத்தாள். தேத்தண்ணியில் சீனி கரைவது இரசாயன மாற்றமா என்று கேட்டால் முழிக்கிறாள். வீட்டில் எப்படிச் சோதிக்கலாம், சேர்?
– ஒரு தாய், உப்புவெளி, திருகோணமலை

பதில்: சூத்திரம் கேட்க வேண்டாம், தங்கச்சி. ஒரு போத்தல் கடல்நீர் அள்ளி, அகன்ற தட்டில் கொஞ்சம் ஊற்றி வெயிலில் வையுங்கள். ‘வற்றினால் என்ன மிஞ்சும், ஏன்?’ அவள் முதலில் எழுதட்டும், பார்ப்பது பிறகு. லீற்றருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு உண்டு. ஓரத்தில் வெள்ளையாகப் படிவதை விரலால் தொட்டு நாக்கில் வைத்தால், கரைந்தது தொலையவில்லை என்று விளங்கும். சீனியும் அப்படித்தான், புதுப் பொருள் உண்டாகாத பௌதிக மாற்றம்.

அப்புறம் அப்பச்சோடாவில் தேசிக்காய்ப் புளி விடுங்கள். நுரைக்கும். எரியும் நெருப்புக்குச்சியை உள்ளே இறக்கினால் அணையும், அது காபனீரொட்சைட்டு வாயு. புதுப் பொருள் உண்டாவதால் இதுதான் இரசாயன மாற்றம். ‘இதை வற்ற வைத்தால் பழைய சோடா வருமா?’ என்று கேளுங்கள். என் வகுப்பில் கருவாடு போடும் வீட்டுப் பையன் ஒருவன், ‘கடல்நீரில் உப்பு வரும், இதில் சோடா வராது சேர்’ என்றான். எழுத்துத் தாளில் அவன் 40 தாண்டியதே இல்லை. இன்றும் அது என்னை உறுத்துகிறது.

மகள் பிழையாகச் சொன்னால் உடனே திருத்தாதீர்கள். ஏன் அப்படி நினைத்தாள் என்று கேளுங்கள்.