பதினாறு வயதில் தாடை மூட்டு வலி: படிப்பும் சாப்பாடும் கெடாமல் எப்படிச் சமாளிப்பது?

தேவகோட்டையிலிருந்து கேட்டிருக்கிறாய். ப்ளஸ் ஒன் படிக்கிறாய், வாயைத் திறந்தால் காதுக்கு முன்னால் 'டக்' என்கிறது, மென்றால் வலி, பரீட்சை வந்தால் இன்னும் மோசம். தங்கச்சி என்றே வைத்துக்கொள்கிறேன். காரைக்குடியில் அதே வகுப்பில் படித்தபோது எனக்கும் இதேதான். இப்போது வயது 24. நான் டாக்டர் இல்லை, பட்டதைச் சொல்கிறேன்.

முதலில் அதைக் காது வலி என்றே நினைத்தோம். அப்பத்தா நல்லெண்ணெயில் பூண்டைக் காய்ச்சிக் காதில் விட்டார். (நீ விடாதே.) நாலு நாள் கழித்துக் காது டாக்டரிடம் போனால், அவர் பார்த்துவிட்டு, காது சுத்தமாக இருக்கிறது, பல் டாக்டரைப் பார் என்றார். கீழ்த்தாடை மண்டையோட்டோடு சேரும் மூட்டு காதுத் துவாரத்துக்கு ஒட்டி முன்னால்தான் இருக்கிறது. அதனால் இந்தக் குழப்பம் நிறையப் பேருக்கு வருவதுதான்.

பல் டாக்டர் என் இரண்டு காதுக்கு முன்னாலும் விரலை வைத்து, வாயைத் திறந்து மூடச் சொன்னார். பிறகு என் மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி வாயில் நுழைக்கச் சொன்னார். சாதாரணமாக மூன்றும் போகும். எனக்கு இரண்டோடு நின்றுவிட்டது. மூட்டுக்குள் மெத்தை மாதிரி ஒரு சின்னத் தட்டு இருக்கிறதாம். அது முன்னால் நழுவி, வாயைத் திறக்கும்போது மறுபடி இடத்துக்கு வருகிறபோதுதான் அந்த 'டக்'. வலி இல்லாமல் சத்தம் மட்டும் இருந்தால் வைத்தியமே வேண்டாம் என்றார். எனக்கு வலித்தது பெரும்பாலும் மூட்டு கூட இல்லை, கன்னத்திலும் நெற்றிப் பொட்டிலும் இருக்கிற மெல்லும் தசைகள்.

அப்புறம் கேட்டார்: "இப்போ உன் மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒட்டியிருக்கா?" ஒட்டியிருந்தது. இறுக்கியே வைத்திருந்தேன். அதுவரை பல் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன்! மெல்லும்போதும் விழுங்கும்போதும் தவிர மற்ற நேரமெல்லாம் உதடு மூடியிருக்கலாம், பல்லுக்கு நடுவில் இடைவெளி வேண்டும், நாக்கு நுனி மேல் முன்பல்லுக்குப் பின்னால் லேசாகத் தொட்டிருக்க வேண்டும்.

எனக்குப் பாதி குணம் இந்த ஒன்றில்தான். கேட்க எளிது, செய்வது அப்படியில்லை. கணக்குப் போட உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் பல் தானாக இறுகிவிடும். அதற்கு ஸ்டிக்கர் பொட்டு அட்டை ஒன்று வாங்கி, ஜியோமெட்ரி பாக்ஸ், கடிகாரம், கண்ணாடி, படிக்கிற இடத்துச் சுவர் என்று கண் படும் இடமெல்லாம் ஒட்டினேன். பொட்டைப் பார்த்தால் பல்லைப் பிரித்துவிட வேண்டும், அவ்வளவுதான். "இந்த வீட்டுல சுவரெல்லாம் பொட்டு வச்சிருக்கு, இவ நெத்திதான் வெறுமையாக் கெடக்கு" என்று அப்பத்தா போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்வார். மூன்று வாரத்தில் பொட்டே தேவைப்படவில்லை. பேனா கடிப்பது, நகம் கடிப்பது, முகவாயைக் கையில் தாங்கிப் படிப்பது, இதெல்லாமும் சேர்த்தி.

சாப்பாடு நம் ஊரில் சோதனைதான். அந்த ஆடி மாதம் வீட்டில் தேன்குழலும் சீப்புச் சீடையும் டின் டின்னாக இருந்தன, தொடவில்லை. ஆனால் கும்மாயமும் பால் பணியாரமும் இடியாப்பமும் உள்ள ஊரில் மெத்தென்று சாப்பிடுவது ஒரு தண்டனையா? சுக்கா வறுவல் மட்டும்தான் ஏக்கம். அம்மா பொடியாக நறுக்கிக் குழைய வேகவைத்துத் தருவார். சூயிங்கம் வேண்டவே வேண்டாம். வலி அடங்கியதும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய சாப்பாட்டுக்கு வந்துவிடு, மாதக்கணக்கில் கூழாகவே குடிக்காதே.

வலிக்கும் நாளில் கல் உப்பை வறுத்துத் துணியில் முடிந்து, சூடு பொறுக்கும்படி கன்னத்தில் பதினைந்து நிமிடம் ஒத்தடம். கொட்டாவி வந்தால் முகவாய்க்கு அடியில் கையை முட்டுக்கொடு. தலைவலி மாத்திரையை நீயாகத் தினமும் போடாதே. அடிக்கடி போட்டால் அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும்.

ராத்திரி தூக்கத்தில் நான் பல் நறநறப்பதாக என் தங்கை சொன்னதால், தூங்கும்போது பல்லில் மாட்டிக்கொள்ள எனக்கு அளவெடுத்து ஒரு உறை (நைட் கார்டு) செய்து கொடுத்தார்கள். முதல் வாரம் தலையணையெல்லாம் எச்சில். அது பல் தேயாமல் காக்கிறது, பழக்கத்தை நிறுத்துவதில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். வேறொரு இடத்தில் என்னிடம், க்ளிப் போட்டால் இந்த வலி போய்விடும், இல்லாவிட்டால் பல்லைக் கொஞ்சம் தேய்த்துச் சரிசெய்யலாம் என்றார்கள். தேய்த்த பல் திரும்ப வராது. பல் வரிசைக்காகக் க்ளிப் போடுவது வேறு கதை. வலிக்காக என்றால், திரும்பப் பழையபடி ஆக்க முடியாத எதற்கும் சட்டென்று தலையாட்டாதே, இன்னொரு டாக்டரிடமும் கேள்.

வாய் திறந்தபடியோ மூடியபடியோ பூட்டிக்கொண்டால், முகவாயில் அடிபட்ட பிறகு வலி வந்தால், வீக்கமோ காய்ச்சலோ இருந்தால், முகவாய் ஒரு பக்கமாக ஒதுங்கிக்கொண்டே போனால், ஒத்தடம் கொடுத்துக்கொண்டு உட்காராதே. சிறு வயதிலேயே வரும் மூட்டுவாதம் தாடையையும் தாக்கும், வளரும் வயதில் அது தாடை வளர்ச்சியைக் கெடுத்துவிடும். அரசுப் பல் மருத்துவக் கல்லூரி 2023-இல் புதுக்கோட்டையிலேயே வந்துவிட்டது, மதுரைக்கு ஓட வேண்டியதில்லை.

இப்படி எதுவும் இல்லையென்றால், டாக்டரிடம் போவதற்கு முன் ஒரு வாரம், வலி எப்போது அதிகம் என்று குறித்துவை. எழுந்ததும் என்றால் ராத்திரிப் பல் கடி, சாயங்காலம் என்றால் பகலில் இறுக்குகிறாய் என்று பெரும்பாலும் அர்த்தம். என்னிடம் முதலில் கேட்டது அதைத்தான், நான் திருதிருவென்று முழித்தேன்.