சாக்கோவைக் கட்டியவர்கள் எங்கே போனார்கள்?

கேள்வி: அமெரிக்கப் பாலைவனத்தில் சாக்கோ என்ற இடத்து ஆயிரம் வருடப் பழைய கல் மாளிகைகளை ஒரு வீடியோவில் பார்த்தேன். எழுத்தோ இரும்போ சக்கரமோ இல்லாதவர்கள் இதைக் கட்டியிருக்க முடியுமா? பிறகு எப்படி மாயமாக மறைந்தார்கள்?
- ஒரு வாசகர்

பதில்: மறையவே இல்லை. ஹோப்பி, சூனி, ஆகோமா என்ற பூர்வகுடி மக்கள் இன்றும் அரிசோனாவிலும் நியூ மெக்சிகோவிலும் இருக்கிறார்கள், சாக்கோ எங்கள் முன்னோர் ஊர் என்று அவர்களே சொல்கிறார்கள். அவர்களிடம் கேட்காமல் 'மர்மம்' என்று வீடியோ போடுவது எனக்குக் கோபத்தைத்தான் வரவழைக்கிறது. வருடத்துக்குச் சராசரியாக 22 சென்டிமீட்டர் அளவுக்குத்தான் மழை பெய்யும் பள்ளத்தாக்கு சாக்கோ. 1130 வாக்கில் தொடங்கிய வறட்சி ஐம்பது வருடம் நீண்டது. மக்காச்சோளம் விளையாத மண்ணில் பிள்ளைகுட்டிகளோடு எத்தனை நாள் உட்கார்ந்திருப்பது? தண்ணீர் இருக்கும் பக்கம் போனார்கள்.

கட்டியிருக்க முடியுமா என்கிறீர்கள். அங்கே மிகப் பெரிய மாளிகை பியூப்லோ பொனிட்டோ: 600க்கும் மேற்பட்ட அறைகள், பின்பக்கம் நான்கு மாடி. ஒரே மூச்சில் எழுந்ததல்ல, 850 வாக்கில் தொடங்கி ஏறக்குறைய 300 வருடம் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்துக்கொண்டே போனது. சுவரைக் கிட்டப் போய்ப் பாருங்கள். நடுவில் கரடுமுரடான கல்லும் மண்சாந்தும், இரண்டு முகத்திலும் தட்டிச் சீராக்கிய மணற்கல், இடுக்குகளில் விரல் கனத்துக்குச் சில்லுக்கற்கள். மேல்மாடிப் பாரத்தைத் தாங்கவேண்டும் என்பதால் அடியில் தடிமனாக வைத்து மேலே போகப் போக மெலிவாக்கியிருக்கிறார்கள். பக்கத்தில் பெரிய மரமே கிடையாது. அந்தப் பள்ளத்தாக்கின் பெரிய வீடுகளுக்கெல்லாம் சேர்த்து 2 லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்கள் என்று கணக்கு. கல்கோடரியால் வெட்டி, பெரும்பகுதியை 75 கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்த மலைகளிலிருந்து, வண்டிமாடு இல்லாமல் ஆட்களே தூக்கி வந்தவை. எந்த மரத்தை எந்த வருடம் வெட்டினார்கள் என்பதைக்கூட மர வளையங்களை ஒப்பிட்டுச் சொல்லிவிடுகிறார்கள், இதில் வேறு யாருக்கு என்ன வேலை?

அன்றாட வாழ்க்கை என்றால் மக்காச்சோளம், பீன்ஸ், பூசணி. சாய்வான கல்லின் முன் மண்டியிட்டு நாள்தோறும் மாவரைப்பு. அதே ஊரில்தான் கொக்கோ குடித்த உயரமான குவளைகளும் கிடைத்தன. அந்தக் கொக்கோ விளைந்த இடம் ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர் தெற்கே.

அப்புறம் ஒரு பாறை. பியூப்லோ பொனிட்டோவுக்குப் பின்னால் மலையிலிருந்து பிரிந்து தனியே நின்றது, சாயக்கூடும் என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது, அடியில் கல்லும் மண்ணும் வைத்து முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பாறை விழுந்தது 1941 ஜனவரியில். சுமார் 30 அறைகள் நொறுங்கின, அவர்கள் கிளம்பி எண்ணூறு வருடம் கழித்து.