‘நான் இல்லாவிட்டால்’ என்ற அந்த வரி

கேள்வி: ஹாம்பர்க்கில் ஐ.டி. வேலை பார்க்கிறேன். வயது 28. அக்டோபரிலிருந்து மனசு சரியில்லை. போர்ச் செய்தி பார்த்தால் அழுகை வருகிறது. முடி கொட்டுகிறது, படபடப்பு, மறதி வேறு. விடியற்காலை மூன்றரைக்கே விழித்துவிடுகிறேன். குக்கரில் வைத்த சாதம் அப்படியே கிடக்கிறது. “இது வெல்ட்ஷ்மெர்ஸ், எங்களுக்கெல்லாம் இருப்பதுதான்” என்கிறாள் ஜெர்மன் தோழி. இணையத்தில் பைபோலார் (உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் நோய்), மூளைக்கட்டி என்று வருகிறது. ஊரிலிருந்து கொண்டுவந்த வைட்டமின் டி பவுடரைத் தினமும் குடிக்கிறேன். மனச்சோர்வுக்கு என்று இங்கே வாங்கிய யோஹானிஸ்கிரௌட் என்ற மூலிகை மாத்திரையும் எடுக்கிறேன். என் பெரியம்மா தற்கொலை செய்துகொண்டவர். சில சமயம், நான் இல்லாவிட்டால் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி என்று தோன்றுகிறது. இது பரம்பரையா?

பதில்: கடைசி வரியைக் கேட்கத்தான் முந்தைய வரிகளையெல்லாம் எழுதியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். குடும்பத்தில் ஒருவர் அப்படி இறந்திருந்தால் மற்றவர்களுக்கு ஆபத்து கொஞ்சம் கூடுதல்தான். அதனால் நீங்கள் மற்றவர்களைவிடச் சீக்கிரமே டாக்டரிடம் போக வேண்டும், அவ்வளவுதான். பெரியம்மாவுக்கு நேர்ந்தது உங்களுக்கும் நேர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

உலகம் போகிற போக்கைப் பார்த்து மனம் கனப்பதற்கு ஜெர்மன் எழுத்தாளர் ஜான் பால் 1820களில் வைத்த பெயர்தான் உங்கள் தோழி சொன்னது. அது நோய் அல்ல, எந்த மருத்துவப் பட்டியலிலும் இல்லை. செய்தி பார்த்து அழுததோடு நின்றிருந்தால் நானும் அவர் சொன்னதையே சொல்லியிருப்பேன். ஆனால் உங்கள் வருத்தம் உலகத்தை விட்டு உங்கள் பக்கமே திரும்பிவிட்டது. ‘உலகம் சரியில்லை’ என்பது ‘நான் பாரம்’ என்று மாறிய பிறகு அது மனச்சோர்வு நோயின் அபாய அறிகுறி. இதற்குக் காத்திருக்கக் கூடாது.

குளிர்காலச் சோர்வு என்றும் தள்ள முடியாது. டிசம்பரில் அங்கே நாலு மணிக்கே பொழுது சாய்ந்துவிடும், பலருக்கும் மனசு மந்தமாகும். ஆனால் அந்த வகையில் பொதுவாகத் தூக்கம் கூடும், இனிப்பும் மாவும் தின்னத் தோன்றும். உங்களுக்கு நேர்மாறாகத் தூக்கமும் பசியும் போயிருக்கின்றன. வெளிச்ச விளக்கு வாங்கி வைத்துக்கொண்டு மார்ச்வரை பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

நாளைக் காலையே உங்கள் ஹவுஸ்ஆர்ஸ்ட்டிடம் (குடும்ப டாக்டரிடம்) போய், ‘இல்லாமல் போனால் தேவலை என்று தோன்றுகிறது’ என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். முடி கொட்டுவதில் ஆரம்பித்தால் பேச்சு முடியோடு முடிந்துவிடும். ஜெர்மன் தடுமாறினால் ஆங்கிலத்திலேயே சொல்லலாம். வேலைக்கு என்ன ஆகுமோ என்ற பயம் வேண்டாம். அங்கே முதலாளிக்குப் போகும் விடுப்புச் சான்றில் நோயின் பெயர் இருக்காது. மருந்து எழுதிக் கொடுத்தால் பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். நாலாம் நாளே ‘ஒன்றும் ஆகவில்லை’ என்று நிறுத்திவிடாதீர்கள்.

அப்புறம் அந்தக் கைவைத்தியம். இதில் எனக்குக் கோபமே வருகிறது. நம்மூர் வைட்டமின் டி பவுடர் பாக்கெட் ஒன்றில் 60,000 யூனிட் இருக்கும். வாரத்துக்கு ஒன்று என்று எழுதித் தருவதைத் தினமும் குடித்தால் ரத்தத்தில் கால்சியம் ஏறும். அது ஏறினாலே பசி போகும், அசதி வரும், மனசும் மங்கும். இன்றோடு நிறுத்துங்கள், கால்சியம் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். யோஹானிஸ்கிரௌட் மூலிகைதானே என்று நினைக்கிறீர்கள். அது கருத்தடை மாத்திரையின் வேலையைக் கெடுக்கும். மனச்சோர்வு மருந்தோடு சேர்ந்தால் செரோடோனின் என்ற மூளை ரசாயனம் அளவுக்கு மீறி, உயிருக்கே ஆபத்தாகலாம். பெட்டியோடு எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டுங்கள்.

மூளைக்கட்டியை மறந்துவிடுங்கள். முடிக்கும் படபடப்புக்கும் தைராய்டும் ரத்த அளவும் ஒருமுறை பார்த்தால் போதும். மறதி, தூக்கம் கெட்டதாலும் மனச்சோர்வாலும் வந்திருக்கலாம். பைபோலார் பற்றி ஒரே கேள்வி: முன்பு எப்போதாவது பல நாள் தூக்கமே இல்லாமலும் களைப்பில்லாமல், கட்டுக்கடங்காத உற்சாகத்தோடு இருந்ததுண்டா? உண்டு என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள், மருந்தே மாறும். இல்லையென்றால் தேடுவதை விடுங்கள்.

இன்றிரவு தனியாக இருக்க வேண்டாம். அந்தத் தோழியை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். எனக்கு எழுதிய அதே வரியை அவரிடமும் சொல்லுங்கள், வீட்டிலுள்ள மாத்திரைகளை அவரிடமே கொடுத்துவையுங்கள். மூன்றரைக்கு விழித்து அந்த எண்ணம் வந்தால் ஜெர்மனியின் தொலைபேசி ஆலோசனை எண்ணான 0800 1110111க்கு அடியுங்கள். இலவசம், எந்த நேரமும் எடுப்பார்கள். எப்படிச் செய்துகொள்வது என்று மனசு திட்டமிட ஆரம்பித்துவிட்டால் யாரையும் கேட்காமல் அவசர உதவி எண் 112க்கு அடியுங்கள்.