டாண்டலத்தையும் நையோபியத்தையும் பிரிப்பது ஏன் கடினம்?

ஒரே தாதுவில் சேர்ந்து கிடைக்கும் இவ்விரு உலோகங்களின் அணு ஆரமும் அயனி ஆரமும் ஏறத்தாழ ஒன்றே. இரண்டும் +5 ஆக்சிஜனேற்ற நிலையையே விரும்புபவை. ஆகவேதான் 1802இல் ஸ்வீடன் வேதியியலாளர் எக்கபெர்க் டாண்டலத்தைக் கண்டறிந்த பிறகும், இவை ஒரே தனிமமா, வெவ்வேறா என்ற குழப்பம் பல பத்தாண்டுகள் நீடித்தது.

இவற்றைப் பிரிக்க வழிவிட்டது ஃபுளூரைடு வேதியியல். மற்ற அமிலங்களுக்கு எளிதில் மசியாத தாதுவை ஹைட்ரோஃபுளூரிக் அமிலம் கரைத்துவிடும் (கையாளுவதற்கு மிகக் கொடிய அமிலம் என்பதையும் சொல்லியாக வேண்டும்). 1866இல் சுவிஸ் வேதியியலாளர் மாரினாக், பொட்டாசியம் ஃபுளூரோடாண்டலேட்டு நீரில் அரிதாகவே கரைவதையும், நையோபிய உப்பு தாராளமாகக் கரைவதையும் பயன்படுத்தி, படிகமாக்கலின் மூலமே இரண்டையும் பிரித்தார். இன்றைய ஆலைகளில், மீதைல் ஐசோபியூட்டைல் கீட்டோன் போன்ற கரிமக் கரைப்பானுக்கு இரண்டையும் மாற்றி, நீர்த்த அமிலத்தால் நையோபியத்தை முதலில் கழுவியெடுக்கிறார்கள். டாண்டலம் கரைப்பானிலேயே தங்கிவிடும். பின்னர் அதை அதே பொட்டாசியம் ஃபுளூரோடாண்டலேட்டு உப்பாக்கி, உருகிய சோடியத்தால் ஒடுக்கினால் (ஃபுளூரினை நீக்கினால்), மின்னூட்டத்தைச் சேமிக்கும் மின்தேக்கிகளுக்கு வேண்டிய நுண்துளை மிகுந்த உலோகத் தூள் கிடைக்கிறது.

தாதுவில் பெரும்பகுதி காங்கோ, ருவாண்டா பகுதிகளிலிருந்து வருகிறது. உருக்காலையில் பல சுரங்கங்களின் தாது கலந்தபின் மூலத்தை அறிவது கடினம் என்பதால், சுரங்கத்திலேயே மூட்டைகளுக்கு அடையாளச் சீட்டு இடும் முறை பின்பற்றப்படுகிறது.