வான்கோமைசினை ஏன் குடிக்கக் கொடுக்கிறார்கள்?

பல்லில் சீழ் வைத்ததற்காகக் கிளிண்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக் சாப்பிட்ட உங்கள் அம்மாவுக்குப் பேதி நிற்கவில்லை, மலப் பரிசோதனையில் சி. டிஃபிசில் என்ற குடல் கிருமி இருப்பதாக வந்திருக்கிறது, ஊசியாகப் போடும் ஆன்டிபயாடிக்கான வான்கோமைசினை ஏன் குடிக்கச் சொல்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். டாக்டர் செய்தது சரிதான். நரம்பில் ஏற்றினால் அந்த மருந்து பெருங்குடலுக்குள் போதுமான அளவு போய்ச் சேராது. குடித்தால் ரத்தத்தில் அதிகம் கலக்காமல் நேராகக் கிருமி இருக்கும் இடத்துக்கே போகும். வழக்கமாக 125 மில்லிகிராம், நாளுக்கு 4 வேளை, 10 நாள். பேதி நின்றுவிட்டதே என்று நடுவில் நிறுத்திவிடாதீர்கள்.

கிளிண்டாமைசின் குடலின் நல்ல பாக்டீரியாக்களையும் சேர்த்துக் கொன்றுவிட, ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வளரும் இந்தக் கிருமி பெருகி ஏ, பி என்று 2 நச்சுகளைச் சுரக்கிறது. குடல் சுவரைப் புண்ணாக்கிப் பேதியை உண்டாக்குபவை அவைதான். அதனால் பேதியை நிறுத்தும் லோப்பரமைடு மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்கவே வேண்டாம், நச்சு உள்ளேயே தங்கிவிடும். ஓஆர்எஸ் நிறையக் கொடுங்கள்.

அப்புறம் சானிடைசரை நம்பாதீர்கள், இந்தக் கிருமியின் வித்துகள் (கெட்டியான உறைக்குள் உறங்கும் வடிவம்) அதற்குச் சாகாது. சோப்புப் போட்டுத் தண்ணீரில் கழுவுங்கள், கழிப்பறைக்கு பிளீச்சிங் பவுடர் கரைசல். மருந்து முடிந்த சில வாரங்களில் சிலருக்கு இது திரும்ப வரும், வந்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். வயிறு உப்பி வலித்தாலோ, காய்ச்சல் ஏறினாலோ, வயிற்று உப்பலோடு பேதி சட்டென்று நின்றாலோ காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள்.